தரகு இல்லாத செயலி வந்தால் கிழங்குக்கு நல்ல விலை கிடைக்குமா?

கேள்வி, 2025 ஜனவரி 6

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் எங்கள் குடும்பம் நான்கு ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறது. நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். விவசாயியும் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலையும் நேரடியாகச் சந்திக்கும் ஒரு செயலியை எழுதி, அதில் ஏலம் வைத்து, தரகே வாங்காமல் நடத்தினால், இடையில் இருப்பவர் விலகிக் கிழங்கு விலை தானாக ஏறிவிடும் என்பது என் கணக்கு. இதில் தவறு இருக்கிறதா?

2025 ஜனவரி 6, இரவு

மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். இடையில் ஆள் வேண்டுமா என்பது ஒன்று, விலையை ஏலத்தில் விடலாமா என்பது இன்னொன்று, செலவு யார் தலையில் விழுவது என்பது மூன்றாவது. என் அப்பா ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். பள்ளி விடுமுறை நாட்களில் அந்த ஆலையின் எடைமேடைக்குப் பக்கத்தில்தான் என் பொழுது போகும். இப்போது ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், காப்பிக்கு நடுவே மிளகுக் கொடி ஏற்றிப் பிழைக்கிறேன். வாங்குகிற பக்கத்தையும் விற்கிற பக்கத்தையும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஏலம் எதன்மேல் நடக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குச்சிக்கிழங்கு வெறும் எடைக்கு விலை போவதில்லை. பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, லாரி ஆலைக்குப் போன பிறகு கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறது என்று அளந்து, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் டன்னுக்கான விலை. பாயிண்ட்டுக்கு 300 ரூபாய், 28 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால் 8,400 ரூபாய். உங்கள் செயலியில் ஆலைகள் போட்டி போடப்போவது அந்த 300-இன் மேல்தான். 28-ஐ அளக்கும் தராசு ஆலைக்குள் இருக்கிறது. அளப்பவர் வாங்குகிறவரின் ஆள். 320 என்று கேட்டு ஏலத்தை எடுத்த ஆலை 26 என்று அளந்தால் டன்னுக்கு 8,320 ரூபாய்தான் வரும். திரையில் விலை ஏறியிருக்கும்; கைக்கு வந்த பணம் 80 ரூபாய் குறைந்திருக்கும். அதைவிட மோசமானது, ஒழுங்காக அளந்து 305 கேட்கிற ஆலை அந்த ஏலத்தில் தோற்றுவிடும் என்பது. நான்கு முறை தோற்ற பிறகு அந்த ஆலையும் செயலியைத் திறக்காது.

2025 ஜனவரி 7

பாயிண்ட் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டவருக்கு. மாவு தண்ணீரைவிடக் கனமானது. மாவு ஏற ஏறக் கிழங்கின் அடர்த்தி கூடும். கிழங்கைக் காற்றில் ஒரு முறை நிறுத்து, பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், தண்ணீருக்குள் மிஞ்சும் எடையைக் கொண்டு பாயிண்ட் படிக்கலாம். முறையில் குற்றமில்லை. மண்ணைக் கழுவினார்களா, எந்தக் கிழங்கைக் கூடையில் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நேற்று நான் எழுதியது நம் ஊர்க் கதை மட்டுமன்று. அமெரிக்க வனத்துறை நிற்கும் மரங்களை ஏலம் விடுகிறபோது, ஒரு காட்டில் எந்த வகை மரம் எவ்வளவு தேறும் என்று முன்னதாக மதிப்பிட்டு, வகைவாரியாக விலை கேட்கும். பணம் வாங்குவதோ வெட்டிய பிறகு உண்மையில் தேறிய அளவுக்கு. மதிப்பீட்டில் கூடுதலாகச் சொல்லப்பட்ட வகைக்கு உயர்த்தியும், குறைவாகச் சொல்லப்பட்ட வகைக்குத் தாழ்த்தியும் கேட்டு வாங்குகிறவர்கள் ஏலத்தை எடுத்ததைப் பொருளியலாளர்கள் சூசன் ஏதியும் ஜொனாதன் லெவினும் 2001-இல் காட்டினார்கள். விலையையும் அளவையும் பிரித்து வைத்து, அளவு தப்பாகப் போகும் இடத்தை ஒரு தரப்பு மட்டும் அறிந்திருந்தால், ஏலத்தின் விதியே அந்தத் தரப்புக்கு வேலை செய்கிறது.

2025 ஜனவரி 11

செயலி வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நானே ஒன்றை நடத்திப் பார்த்தவன். 2023 பிப்ரவரியில், மிளகு பறிக்கும் காலத்தில், எங்கள் பக்கத்து முப்பது வீடுகளைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். விற்பவர் மிளகின் படத்தையும் எடையையும் போடுவார். சேலத்திலிருந்தும் மலையிலிருந்தும் சேர்த்த ஏழெட்டு வியாபாரிகள் மாலை ஆறு மணிக்குள் விலை சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு யார் விலை மேலே நிற்கிறதோ அவருக்குச் சரக்கு.

முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. ஐந்தே முக்கால் வரை யாரும் வாய் திறப்பதில்லை. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எல்லோரும் ஒன்றாகச் சொல்வார்கள். மார்ச் கடைசியில் கோடை மழை பிடித்த ஒரு மாலை, நாகலூரில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஒன்றாகப் போய், ஆறு மணிக்கு முன் அனுப்பியதாக ஒரு வியாபாரி சொன்ன விலை ஆறு ஐந்துக்கு வந்து சேர்ந்தது. அன்று இரவு வரை நடந்த வாக்குவாதத்தில் அந்த வியாபாரி குழுவை விட்டே போய்விட்டார். இதே சிக்கலைப் பொருளியலாளர்கள் ஆல்வின் ரோத்தும் ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002-இல் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குறித்த நொடியில் மூடும் ஈபே இணைய ஏலங்களில் கடைசி நிமிடத்தில் விலை குவிந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னொரு பத்து நிமிடம் நீளும் என்று விதி வைத்திருந்த அமேசான் ஏலங்களில் அப்படிக் குவியவில்லை. நாங்களும் அந்தப் பத்து நிமிட விதியைக் கொண்டுவந்தோம். கடைசி நிமிட நெரிசல் தீர்ந்தது.

தீராதது தரம். மிளகைப் படத்தில் பார்த்தால் எல்லாம் கறுப்பு. எங்கள் பகுதித் தரகர் ஒருவர் சரக்குப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் விரித்து மெல்ல ஊதுவார். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு பறந்து தரையில் விழும். மிஞ்சியதில் ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். சத்தம் தெறித்தால் காய்ந்தது, அமுங்கினால் ஈரம். "இது காயலைங்க, இன்னும் ரெண்டு வெயில் போடணும்" என்று அவர் சொன்னால் அந்த மூட்டையை யாரும் அன்று வாங்க மாட்டார்கள், வாங்குகிறவர் அவரை அறியாதவராக இருந்தாலும்கூட. எங்கள் குழுவில் இந்த வேலையைச் செய்ய ஆளில்லை. ஆகவே வியாபாரிகள் எல்லா மூட்டையையும் நடுத்தரமாக எண்ணி, நடுத்தர விலையே சொன்னார்கள். நன்றாகக் காய வைத்தவர் மூன்றாம் வாரம் சரக்குப் போடுவதை நிறுத்தினார். ஈரம் வைத்தவர்கள் தொடர்ந்தார்கள். வியாபாரிகள் விலையை இன்னும் இறக்கினார்கள். பழைய கார்களின் சந்தையைக் கொண்டு ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதியது இதையேதான், எங்கள் குழுவில் அது ஐந்து வாரத்தில் நடந்து முடிந்தது.

2025 ஜனவரி 12

திருத்தம். முப்பது வீடு என்று நினைவிலிருந்து எழுதினேன். நோட்டை எடுத்துப் பார்த்தால் 27 பெயர்கள், அவர்களில் ஒரு முறையாவது சரக்குப் போட்டவர்கள் 11 பேர்.

மீதி 16 பேர் ஏன் போடவில்லை என்பதை நேற்று விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். அவர்களில் பெரும்பாலோர் ஜூன் மாதம் பள்ளிக்கட்டணத்துக்கு அதே தரகரிடம் முன்பணம் வாங்கியவர்கள். ஒரு அக்கா என்னிடம் நேராகச் சொன்னார்: "பணத்த அவருகிட்ட வாங்கிட்டு மொளகை வேற எடத்துல போட்டா, அடுத்த ஆனிக்கு நான் யாரு கதவைத் தட்டுறது?" எனக்குப் பதில் இல்லை. தரகு என்று நாம் பார்க்கும் தொகைக்குள் எட்டு மாத வட்டியும், கொடுத்த கடன் திரும்பாமல் போகும் ஆபத்தும், சரக்குப் பார்க்கும் கூலியும் கலந்திருக்கின்றன. நியாயத்துக்கு மேல் எடுக்கிறார் என்பது உண்மை. அதற்காக எனக்குக் கோபமும் உண்டு. ஆனால் ஆளை விலக்கினால் வேலைகள் விலகுவதில்லை. அவற்றை யார் செய்வது என்று எழுதி வைக்காத செயலியில் அவை விவசாயியின் தோளில்தான் வந்து உட்காரும்.

2025 ஜனவரி 19

சேகோசர்வ் போல மூடிய டெண்டர் வைத்தால் போதாதா என்ற கேள்விக்கு.

சேகோசர்வ் விற்பது கிழங்கை அன்று, ஆலையிலிருந்து வரும் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் என்பதை முதலில் குறித்துக்கொள்வோம். வியாபாரிகள் சொன்னதே விலை என்று இருந்த நிலையில் 1981-இல் உருவான கூட்டுறவுச் சங்கம் அது. ஆலைகளின் மூட்டைகள் கிடங்குக்கு வருகின்றன, மாதிரி எடுத்து வைக்கப்படுகிறது, மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் ஒருவர் விலையை மற்றவர் அறியாமல் டெண்டர் போடுகிறார்கள். என் பார்வையில் அதன் உயிர் மாதிரியில் இருக்கிறது. ராபர்ட் வில்சனும் பால் மில்கிராமும் ஏலங்களைப் பற்றிய ஆய்வுக்கு 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மில்கிராம், ராபர்ட் வெபருடன் 1982-இல் எழுதியதன் சாரம், சரக்கைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்ததை வெளியே வைத்தால் சராசரியாக விலை உயரும் என்பது. காரணம் எளிது. எல்லோரையும் விட அதிகம் கேட்டு வாங்கியவர், தான் மட்டும்தான் தப்பாக மதிப்பிட்டோமோ என்று அஞ்சுகிறார். அந்த அச்சத்தைக் கணக்கில் வைத்தே விலையைக் குறைத்துக் கேட்கிறார். மக்காச்சோள மாவு கலந்திருக்குமோ என்ற ஐயம் இருக்கும் ஜவ்வரிசியில் ஆய்வு முடிவு கையில் இருந்தால் அச்சம் குறையும், விலை ஏறும்.

மூடிய டெண்டரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தான் சொன்ன விலையையே கொடுக்க வேண்டும் என்றால், யாரும் மனத்தில் உள்ள விலையைச் சொல்ல மாட்டார்கள். மற்றவர் என்ன கேட்பார் என்று ஊகித்து அதற்குச் சற்று மேலே நிற்பார்கள். வென்றவர் இரண்டாவது விலையைக் கொடுத்தால் போதும் என்று வைத்தால் உள்ளதைச் சொல்வதே லாபம் என்று வில்லியம் விக்ரி 1961-இல் நிறுவினார். அழகான முடிவு. ஆனால் எங்கள் குழுவில் அதை எடுத்துச் சொன்னபோது, 640 கேட்டவரிடம் 610 வாங்கிக்கொள்வதை ஒரு விவசாயியும் ஒப்பவில்லை, நடத்துகிறவர் நடுவில் ஒரு பொய் விலையைச் செருகிவிட முடியும் என்பதையும் அவர்களே சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னது சரி. நடத்துகிறவரைச் சோதிக்க வழியில்லாத இடத்தில் விக்ரியின் விதியை வைக்கக் கூடாது.

ஆகவே என் கருத்து: மூடிய டெண்டர், சொன்ன விலையே விலை, முடிந்த பிறகு எல்லோரும் கேட்ட விலைகளைப் பெயருடன் வெளியிடுவது. எல்லாம் வெளிச்சத்தில் இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

2025 ஜனவரி 21

மேலே கடைசி இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

வாங்குகிறவர்கள் ஆறேழு பேர்தான், தினமும் அவர்களேதான் என்றால், பேசிவைத்துக்கொண்டு விலையை அடக்குவது அவர்களுக்கு எளிது. அந்தப் பேச்சைக் காப்பாற்ற அவர்களுக்கு வேண்டியது ஒன்றே: யார் வாக்குத் தவறி அதிகம் கேட்டார் என்று மறுநாளே தெரிய வேண்டும். பெயருடன் எல்லா விலையையும் வெளியிட்டால் அந்த வேலையை நாமே அவர்களுக்குச் செய்து கொடுக்கிறோம். வாயால் கூவும் ஏலத்தைவிட மூடிய டெண்டரில் கூட்டணி எளிதில் உடைவதற்குக் காரணமே, உள்ளே இருப்பவர் ஒருவர் சத்தமில்லாமல் பத்து ரூபாய் கூட்டிப் போட்டுச் சரக்கை எடுத்துவிடலாம் என்பதுதான். அந்த இருட்டைக் கெடுக்கக் கூடாது.

ஆனால் விவசாயிக்கு எதுவும் தெரியாமல் வைப்பதும் முடியாது. இப்போது எனக்குத் தோன்றுவது: விற்றவருக்கு அவர் சரக்குக்கு வந்த எல்லா விலையையும் பெயரில்லாமல் காட்டுவது, மற்றவர்களுக்கு அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை, சரக்கின் தரம் ஆகியவற்றை மட்டும் காட்டுவது, பெயர்களை நெடுநாள் கழித்து வெளியிடுவது. 2023-இல் எங்கள் குழுவில் எல்லா விலையும் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஏப்ரல் மாதம் நான்கு நாள் தொடர்ந்து மூன்று வியாபாரிகள் ஒரே விலையைச் சொன்னதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று வெளிமார்க்கெட் இறங்கியதாக நம்பினேன்.

2025 ஜனவரி 29

ஏலமே இல்லாமல் விலையைக் குறித்துவிடலாமே என்று கேட்டவர் உழவர் சந்தையை எடுத்துக்காட்டியிருந்தார். சேலம் சூரமங்கலத்தில் காலையில் பலகையில் எழுதும் விலை, மொத்த விலைக்கு 20 சதவீதம் மேலே, சில்லறை விலைக்கு 15 சதவீதம் கீழே என்ற கணக்கில் 1999-இல் வந்த ஏற்பாடு. நாளைக்குக் கெட்டுப்போகும் கத்தரிக்காயை ஐம்பது பேரிடம் அரைக் கிலோவாக விற்கிறவருக்கு அது நல்ல விதி. பேரம் பேச நேரமில்லை, வாங்குகிறவர் கண்ணெதிரே பொறுக்கி எடுக்கிறார். ஒரே ஆலைக்கு பத்து டன் போகிற கிழங்குக்கு அந்த விதி ஒட்டாது. ஒரே விலை என்றால் நல்ல கிழங்கும் மெலிந்த கிழங்கும் ஒன்றாகிவிடும்.

காப்பியில் அதன் மறுகோடியைப் பார்த்திருக்கிறோம். 1820 வாக்கில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காப்பி இந்த மலையில் இன்னும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, காப்பி வாரியத்தின் தொகுப்புக்கே விளைச்சலைக் கொடுக்க வேண்டியிருந்தது. வாரியம் ஏலம் விடும். பணம் தவணை தவணையாக வரும். விற்கிற இடம் ஒன்றே என்பதால் சரக்குச் சிதறவில்லை, விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஓரிடத்தில் திரண்டிருந்தார்கள். ஆனால் அடுத்த பருவம் பறிக்கும்போதும் முந்தைய பருவத்தின் தவணை பாக்கி இருக்கும் என்று என் மாமனார் சொல்வார். 1992-இலிருந்து படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழுவதுமாக வெளியே விற்கலாம் என்றாயிற்று. அவர் முதலில் கொண்டாடியது விலையை அன்று, சரக்குப் போன வாரமே பணம் வந்ததை. உங்கள் செயலியில் பணம் எந்த நாளில் விவசாயியின் கணக்கில் ஏறும் என்பதை ஏல விதிக்கு முன்னால் எழுதுங்கள்.

2025 பிப்ரவரி 5

தரகு 0 என்பதைப் பற்றி. செயலிக்கு இரண்டு பக்கம் உண்டு. இரு பக்கத்திடமும் மொத்தமாக எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் போலவே, எந்தப் பக்கத்திடம் வாங்குகிறோம் என்பதும் வியாபாரத்தின் அளவை மாற்றும் என்று ழான்-ஷார்ல் ரோஷேயும் ழான் திரோலும் 2003-இல் எழுதினார்கள். இங்கே ஆலைகள் சில, விவசாயிகள் ஆயிரக்கணக்கில். ஆலை வராமல் போனால்தான் நட்டம் என்று எண்ணி ஆலைக்கு இலவசம், விவசாயிக்குக் கட்டணம் என்று வைக்க யாருக்கும் ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். கட்டணம் கட்டாத தரப்பு தராசைத் திருத்த ஒப்புக்கொள்ளாது.

முழுதும் இலவசமும் வேண்டாம். அளப்பவருக்குச் சம்பளம் யார் தருவது? பெங்களூரில் 2022-இல் வந்த நம்ம யாத்ரி என்ற ஆட்டோ செயலி, சவாரிக்குச் சவாரி தரகு எடுக்காமல் ஓட்டுநரிடம் நாள் சந்தா வாங்கும் வழிக்குப் போனது. லோடுக்கு இத்தனை ரூபாய் என்று இரு தரப்பும் பாதிப்பாதி தருவது எனக்குப் பிடித்திருக்கிறது. சதவீதம் வைத்தால் முதல் வியாபாரத்துக்குப் பிறகு இருவரும் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு வெளியே பேசிக்கொள்வார்கள். எங்கள் குழுவில் கட்டணமே இல்லாதபோதும் இருவர் அப்படிப் போனார்கள். அளந்து தருவதற்கான கூலி என்று தெரிந்தால், அளக்க வேண்டும் என்பதற்காகவாவது திரும்பி வருவார்கள்.

ஆலைக்கு விவசாயியும் விவசாயிக்கு ஆலையும் நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஈபேயில் விற்பவர் பதிலுக்குத் திட்டுவார் என்ற பயத்தில் வாங்கியவர்கள் உள்ளதைச் சொல்லாமல் இருந்தார்கள். 2008-இல் விற்பவர் வாங்கியவருக்கு எதிர்மறைக் குறிப்பு எழுத முடியாதபடி விதியை மாற்ற வேண்டி வந்தது. அடுத்த வருடமும் அதே ஆலையை நம்பியிருப்பவர் ஒரு நட்சத்திரம் எப்படிப் போடுவார்?

2025 பிப்ரவரி 17

கேள்வி கேட்டவரும் நானும் நேற்று ஒரு லோடுடன் போய் வந்தோம். வயலிலேயே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கொக்கித் தராசில் கூடையைக் கட்டி, லாரியில் ஏற்றும்போதே மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து எடுத்த ஐந்து கிலோ கிழங்கைக் கழுவி நிறுத்தோம். தண்ணீருக்குள் 540 கிராம் நின்றது. பாயிண்ட்டாக மாற்றாமல் அதையே எழுதிக்கொண்டு, அந்தக் கிழங்கைச் சாக்கில் தனியே கட்டி எடுத்துப் போனோம்.

ஆலையில் 25 பாயிண்ட் என்றார்கள். எங்கள் சாக்கைக் கொடுத்து இதையும் போட்டுப் பார்க்கக் கேட்டோம். தயங்கினார்கள், ஆனால் போட்டார்கள்: அதே தராசில் 27. ஆகவே ஜனவரி 6-இல் நான் தராசைச் சந்தேகித்தது, குறைந்தது இந்த ஆலையைப் பொறுத்தவரை, தவறு. தராசு சரியாக இருந்தது. மாதிரி எடுத்தவர் லாரியின் மேல் ஓரத்தில் கைக்கு எட்டிய விரல் பருமன் கிழங்குகளை மண்ணோடு எடுத்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுத்து எடுத்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் ஏறி அடியைக் கிளற யாருக்கும் நேரமில்லை. மூன்று இடத்தில் எடுத்துக் கழுவிப் போட்டபோது 27-இல் தீர்ந்தது. அன்றைய விலையில் அந்த இரண்டு பாயிண்ட், ஒரு பாயிண்ட்டில் ஐந்து ரூபாய் ஏற்றி ஏலம் எடுப்பதைவிட நான்கு மடங்குக்கு மேல் பெறும்.

செயலியில் முதலில் வரவேண்டிய பக்கம் இதுதான் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்: ஏற்றும்போது மூன்று இடத்து மாதிரி, தண்ணீர் எடையின் படம், முத்திரை போட்ட சாக்கு, ஆலையில் அதே சாக்கு. டெண்டர் பிறகு. அடுத்த லோடு வியாழக்கிழமை. டிரம்மையும் கொக்கித் தராசையும் இறக்காமல் லாரியிலேயே விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் ஓட்டுநர், அவர் தம்பி வயலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறதாம்.